சொந்தக்காரர் என்ற இடத்தில் ஓர் எண்

புதுக் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள், பக்கத்து அறையில் தன் கணவர் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருப்பது அவள் காதில் விழுந்தது. காலை பதினொரு மணி. அவள் கூடத்தில் உட்கார்ந்து திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு ஹோட்டலின் நாற்பத்தெட்டு ஜன்னல்களுக்கும் ஒரே சாம்பல் நிறத் துணி. தைத்துத் தைத்து அவள் கண்ணே சாம்பலாகிவிட்டிருந்தது. மிதியிலிருந்து காலை எடுத்தாள். மெஷின் சத்தம் அடங்கியதும் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"ஒரே ஒரு தடவை சார். பாத்துட்டு உடனே வெளியில வந்துடறேன்."

பிறகு இன்னொரு குரல், கனமாக, அவசரமே இல்லாமல் சொன்னது.

"அனுமதி இல்லை. எழுத்துல கேளுங்க."

அந்த வீட்டில் அவர்கள் இருவரைத் தவிர ஈ காக்கை கிடையாது. அவள் எழுந்து போய் எட்டிப் பார்த்தாள். அவர் தனியாகத்தான் இருந்தார். திரையில் சின்னதாக ஒரு பெட்டி: இந்த ஃபோல்டரைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை. அவர் அதன் முன்னால் தோளைக் குறுக்கிக்கொண்டு, அதிகாரி அறை வாசலில் காத்திருக்கும் ஆளைப் போல உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டாவது குரலை அவளுக்கு நன்றாகத் தெரியும். அதுவும் அவருடையதுதான். கேட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அவருடைய உத்தியோகத்தைச் சொன்னால்தான் இது விளங்கும். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவர். எந்த டாக்டர் எந்தக் கோப்பைப் பார்க்கலாம், எந்த கிளார்க் எதைத் தொடக்கூடாது என்று முடிவு செய்வதுதான் வேலை. தலைமை டாக்டரே வந்து நின்றாலும் "எழுத்துல கேளுங்க" என்பார். காக்கா பிடித்துப் பார்த்தார்கள், மிரட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. 'பூட்டு சார்' என்று பெயர் வைத்துவிட்டு ஓய்ந்துபோனார்கள். இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. தனக்கு முக்கியமானதையெல்லாம் சிஸ்டம் ஃபோல்டருக்குள் கொண்டுபோய் ஒளித்துவைப்பார். கம்ப்யூட்டரின் குடல் இருக்கும் இடம் அது, எதையாவது தொட்டால் மொத்தமும் படுத்துவிடும் என்ற பயத்தில் எவனும் அங்கே கை வைக்கமாட்டான் என்பது அவர் கணக்கு. மற்றவர்கள் பீரோவில் வைப்பதை இந்த மனிதர் அங்கே வைத்தார்.

அப்படிப்பட்டவருக்குத்தான் ஞாபகம் கரைய ஆரம்பித்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். முதலில் ஆட்களின் பெயர்கள் போயின, அப்புறம் தெருக்கள், அப்புறம் சட்டைப் பொத்தான் போடும் வரிசை. போன மாதம் அவளும் போய்விட்டாள். ஒரு காலையில் காப்பியை வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றி மேடம், நீங்க உக்காருங்க" என்றார். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் அவளை 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை. மரியாதை கிடைத்தால் சந்தோஷப்படுவார்கள் என்று சொல்கிறார்கள். அவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அவளுக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. டாக்டர் நோயின் பெயரைச் சொன்ன மறுவாரம் அவர் ராப்பகலாக எதையோ டைப் செய்தார். ஒரு மாதம் கழித்து அவளிடம் வந்து, "எல்லாத்தையும் உள்ள வெச்சுட்டேன். நீ பயப்படாத" என்றார். எல்லாம் என்றால் எது, உள்ளே என்றால் எங்கே என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவோம் என்று இருவருக்குமே தெரியும். இப்போது அவள் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். அவர்களுடைய வாழ்க்கை முழுவதையும் எழுதி உள்ளே வைத்திருக்கிறார்; அது திறந்தால், அவர் படித்தால், அவளை மறுபடியும் 'நீ' என்பார். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பழைய கம்ப்யூட்டர் செத்ததும் வெளியூரிலிருந்த மகள் புதிதாக ஒன்றை அனுப்பினாள். அவருடைய பழைய ஜூனியர் ஒருவர், இப்போது சொந்தமாக ரிப்பேர் கடை வைத்திருப்பவர், வந்து பழைய டிஸ்க்கைக் கழற்றி இதற்குள் மாட்டிவிட்டுப் போனார். அப்பா எதையாவது அழித்துவிடுவார் என்று மகள் முக்கியமான பாஸ்வேர்டை அம்மாவிடம் மட்டும் கொடுத்திருந்தாள். ஆக, யார் யார் எதைத் திறக்கலாம் என்று ஊருக்கே சொன்னவர், சொந்த வீட்டில் சாதாரண ஆளாகிவிட்டார்.

தன் வீட்டுக் குளியலறை எந்தப் பக்கம் என்று தடுமாறுகிறவர், அந்த ஒரு ஃபோல்டருக்குப் போகும் வழியில் மட்டும் தடுமாறவே இல்லை. பழைய டிஸ்க், அதற்குள் சிஸ்டம், அதற்குள் ஒன்று, அதற்குள் இன்னொன்று என்று ஆறு கதவு தாண்டி விரல் தானாகப் போகும். ஏழாவதில் அந்தப் பெட்டி வந்து நிற்கும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை.

"உள்ள ஆள் இருக்காரு மேடம்," என்றார் அன்று, அவள் வாசலில் நிற்பதைப் பார்த்து.

"யாரு?"

"நான்தான்." கொஞ்சம் யோசித்தார். "ஆனா எனக்கு விட மாட்டேங்கறாரு."

அவள் சிரித்துச் சமாளித்துவிட்டு மெஷினுக்குத் திரும்பினாள். அன்று தைத்த மூன்று திரையிலும் தையல் கோணிவிட்டது.

மறுநாள் அந்த அறையைப் பெருக்கும்போது கீபோர்டுக்கு அடியில் காகிதங்கள் கிடைத்தன. பதினொரு விண்ணப்பங்கள். 'மதிப்பிற்குரிய ஐயா, கீழே கையெழுத்திட்டுள்ள நான், என்னுடைய ஃபோல்டரைத் திறந்து பார்க்கத் தங்கள் அனுமதியைப் பணிவுடன் கோருகிறேன்.' கோணல்மாணலான எழுத்து, வரி மலை ஏறிப் பள்ளத்தில் இறங்கியது. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பாதிப் பெயர். அது போகட்டும், நோயாளியின் எழுத்து. ஆனால் ஒவ்வொரு காகிதத்தின் ஓரத்திலும் சிவப்பு மையில் ஒரு வார்த்தை இருந்தது: நிராகரிக்கப்பட்டது. அந்த எழுத்து கோணலாக இல்லை. நிமிர்ந்து, அளவெடுத்து, கீழே சின்னக் கோடு இழுத்து, ஆஸ்பத்திரியே நடுங்கிய அந்தப் பழைய கையெழுத்து. அந்த அறையில் சிவப்புப் பேனா எங்கே இருக்கிறது என்று அவள் மேசை, இழுப்பறை, அவருடைய சட்டைப் பை எல்லாம் தேடினாள். கிடைக்கவில்லை.

அவள் துணிச்சல்காரி. அவர் மத்தியானம் கண்ணயர்ந்த நேரத்தில் தானே போய் உட்கார்ந்தாள். அவர் போகும் வழி அவளுக்குப் பார்த்தே பாடமாகியிருந்தது. ஏழாவது கதவில் பெட்டி வந்தது. 'தொடர்க' என்பதை அமுக்கினாள், மகள் கொடுத்த பாஸ்வேர்டைப் போட்டாள். பச்சைக் கோடு ஒன்று பாதி வரை ஊர்ந்தது, நின்றது. புதிதாக ஒரு பெட்டி: அனுமதி மறுக்கப்பட்டது. பக்கத்து அறையில் தூக்கத்திலேயே அவர் தெளிவாக, "எழுத்துல கேளுங்க" என்றார்.

அவள் கம்ப்யூட்டரை அணைக்கக்கூட இல்லை. ஜூனியருக்குப் போன் போட்டாள்.

ஜூனியருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, தலையில் முடி இல்லை. இருந்தாலும் சாரின் அறைக்குள் நுழையும்போது செருப்போடு சேர்த்துத் தன் வயதையும் வாசலில் கழற்றிவிட்டது போலத்தான் வந்தார். அவர் சாருக்கு வணக்கம் சொன்னார். சாரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார், யாரென்று தெரியாமலே.

"இது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல அக்கா. பழைய டிஸ்க்க புது மெஷின்ல மாட்டினா வர்ற வழக்கமான தகராறுதான்," என்று சொல்லிக்கொண்டே அவர் திரையில் இரண்டு மூன்று பெட்டிகளைத் திறந்தார். "ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. இதோ பாருங்க. சொந்தக்காரர்ங்கற இடத்துல பேரே இல்லை, நீளமா ஒரு நம்பர் மட்டும் நிக்குது. பழைய கம்ப்யூட்டர்ல சாருக்கு இருந்த நம்பர். இந்தப் புது மெஷினுக்கு அந்த ஆளைத் தெரியாது. அதான்."

"அந்த ஆள் இங்கதான இருக்காரு?"

"மெஷினப் பொறுத்தவரைக்கும் இவர் வேற ஆள் அக்கா," என்றார் ஜூனியர். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

யார் யாருக்கு அனுமதி என்ற அடுத்த பட்டியலைத் திறந்ததும் அவர் கை நின்றது. திரையில் விரல் வைத்து ஓர் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் படித்தார். மேலே போய் இன்னொன்றைப் படித்தார். மறுபடி கீழே வந்தார்.

"என்ன?" என்றாள்.

"இங்க ஒருத்தருக்குத் தடை போட்டிருக்கு. அதுவும் அதே நம்பர்." அவர் குரல் இறங்கியது. "சார் தனக்குத்தானே தடை போட்டிருக்கார். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி."

"தானே பூட்டிக்கிட்டா எப்படித் திறக்கறது?"

"அதான் விஷயம். சொந்தக்காரர நிரந்தரமாத் தடுக்கவே முடியாது அக்கா. அவர் நினைச்சா ரெண்டு நிமிஷத்துல எடுத்துடலாம். வேலைக்குச் சேந்த முதல் நாளே சார் எங்களுக்கு எடுத்த பாடம் இது."

"அப்ப இந்தத் தடை யாரைத்தான் தடுக்கும்?"

ஜூனியர் சாரைத் திரும்பிப் பார்த்தார். "எப்படி எடுக்கறதுன்னு மறந்துபோன சாரை."

அவள் கணவர் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரியாமல், பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குப் பயமாக இருந்தது. அதைவிட ஆசை பெரிதாக இருந்தது.

"திறங்க," என்றாள்.

"சொந்தக்காரரை மாத்தணும். உங்க பேரைப் போடறேன்."

அவர் போட்டார். அந்த நீளமான எண் மறைந்து அவள் பெயர் வந்தது. பச்சைக் கோடு இந்தத் தடவை கடைசி வரை ஓடியது. உள்ளே நூற்றுச் சொச்சம் கோப்புகள், வருஷ வாரியாக, எண் போட்டு, அவருக்கே உரிய ஒழுங்கோடு. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: முதலில் இதைப் படி. ஜூனியர் நாசூக்கானவர். கை கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவள் படித்தாள்.

'இதைத் திறந்தது நீயாகத்தான் இருக்கும். எனக்கு வழி மறந்திருக்கும். எனக்குப் போட்ட பூட்டு இது.

என் முகத்தோடு ஒருத்தன் வந்து இதைக் கேட்பான். என் சட்டையைத்தான் போட்டிருப்பான். உள்ளே இருப்பது நான்தான் என்பான். பார்க்கப் பாவமாக இருக்கும். கொடுத்துவிடாதே. கொடுத்தால் வரிக்கு வரி மனப்பாடம் செய்துவிடுவான். அப்புறம் உன்னிடம் வந்து என்னைப் போலவே பேசுவான். நீயும் நான் திரும்பிவிட்டேன் என்று நினைப்பாய். என்னை ஒப்பிக்கிறவனோடு நீ குடித்தனம் நடத்தக்கூடாது.

இதெல்லாம் உனக்காக எழுதினது, நான் போன பிறகு நீ படிப்பதற்கு. நான் போனது எப்போது என்று ஊருக்குத் தெரியாது. உனக்கு மட்டும் தெரியும்.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். கோபம் வந்தது. பெரிய மனுஷன், சாகும் முன்னே சுற்றறிக்கை விட்டிருக்கிறார்! முப்பத்திரண்டு வருஷம் அவளைக் கேட்காமல் எதை முடிவு செய்யவில்லை, இதை மட்டும் கேட்பதற்கு? கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது, ஏனென்றால் அந்த மனுஷன் சொல்லி எதுவும் தப்பானது கிடையாது.

"மேடம்."

அவர் அவளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"உள்ள இருக்கறவர் என்ன சொல்றார்?"

அவளுக்குப் பொய் வரவில்லை. "உங்களுக்குத் தரக்கூடாதுங்கறார்," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். வருத்தம்கூட இல்லை, பழகிப்போயிருந்தது. "சரி மேடம். அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் இன்னொரு தடவ எழுதிக் கேக்கறேன்." சொல்லிவிட்டு, வெள்ளைத் தாள் எங்கே என்று மேசையைத் தடவத் தொடங்கினார். தாள் அவர் கைக்கு நேரே இருந்தது. கை அதைத் தாண்டித் தாண்டிப் போனது.

அதைப் பார்த்துக்கொண்டு இருக்க அவளால் முடியவில்லை. புத்திசாலி ஒருத்தர் உள்ளே பத்திரமாக இருக்கிறார், பசி இல்லை, பயம் இல்லை. வெளியே நிற்கிறவருக்குத்தான் நகம் வெட்டிவிட வேண்டும், சோறு ஊட்ட வேண்டும், ராத்திரி விழித்துக்கொண்டால் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இதில் யார் பேச்சைக் கேட்பது? இப்போது சொந்தக்காரி அவள்தானே.

"எழுத வேணாம்," என்றாள். "இப்படி உக்காருங்க. நான் படிச்சுக் காட்டறேன்."

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் ஒரு மணி நேரம் படித்தாள். ஹோட்டல்காரர் இரண்டு தடவை போன் செய்து திட்டினார். கணவர் இன்னொருத்தர் கதையைக் கேட்பது போலக் கேட்டார். "அப்புறம்?" என்பார். சிரிக்க வேண்டிய இடத்தில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பார். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி லிஃப்டில் மாட்டிக்கொண்டது, வாடகை வீட்டுக் கூரை ஒழுகி இருவரும் குடை பிடித்துக்கொண்டு சாப்பிட்டது, எல்லாம் அதில் இருந்தது. அந்தப் பழைய குரல் அதன் பிறகு அந்த அறையில் கேட்கவில்லை. அவர் ஃபோல்டர் பக்கம் போவதும் நின்றது.

பதினேழாவது கோப்பில் இப்படி எழுதியிருந்தார்: 'இவளுக்கு நான் வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். பேச ஆரம்பித்தால் எங்கும் நிற்காது. முதல் தடவை கூப்பிட்டால் காது கேட்டாலும் திரும்பமாட்டாள். இரண்டாவது தடவைதான். நடுவில் இருக்கும் அந்த இரண்டு நொடி எனக்குப் பிடிக்கும். அப்போது அவள் முதுகு சிரிக்கும்.' அந்தப் பெயர் அவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்தது, மகளுக்குக்கூடத் தெரியாது. அவர், "அப்புறம்?" என்றார்.

புதிதாக எதுவும் அவர் தலையில் தங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இது தங்கியது. காலையில் சாப்பிட்டது பத்து மணிக்கு மறந்துபோகும், ஆனால் அவள் படித்ததை அவர் முணுமுணுத்துக்கொண்டே கூடத்தில் நடப்பார், பரீட்சைக்குப் படிப்பவரைப் போல. அவள் டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் காரணம் சொல்வார்; அவளுக்குக் காரணம் வேண்டியிருக்கவில்லை.

நாற்பத்தெட்டாவது திரையை அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னலில் நாலு மணி வெயில். பின்னால் காலடிச் சத்தம் வந்து கதவருகே நின்றது.

"ஏ எக்ஸ்பிரஸ்."

இஸ்திரிப் பெட்டியைப் பிடித்த கை அப்படியே நின்றது. அதே குரல். சமையலறையில், ரயில் நிலையத்தில், கூட்டத்தின் நடுவில், அவளை மட்டும் தேடிப் பிடிக்கும் அந்தக் குரல். திரும்பத்தான் நினைத்தாள். உடம்பு அசையவில்லை. ஒரு நொடி போனது. இன்னொரு நொடி போனது.

"ஏ எக்ஸ்பிரஸ்!"

அவள் திரும்பினாள். முகமெல்லாம் கண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு. அவர் கதவில் சாய்ந்து நின்றார், பொத்தானையெல்லாம் சரியாகப் போட்டுக்கொண்டு. அவருடைய கண் அவள் முகத்தில் இல்லை. கொஞ்சம் மேலே, சுவரில் எழுதியிருப்பதைப் படிப்பது போல நிலைத்திருந்தது.

"இரண்டாவது தடவைதான்," என்றார், ஒரு வார்த்தை பிசகாமல். "நடுவில் இருக்கும் அந்த இரண்டு நொடி எனக்குப் பிடிக்கும். அப்போது அவள் முதுகு சிரிக்கும்."

சொல்லி முடித்துவிட்டு, சரியாகச் சொன்னோமா என்று அவளைப் பார்த்துக் காத்திருந்தார்.

இஸ்திரிப் பெட்டியின் கீழே துணி கருகும் வாசனை வந்தது. எடுத்து நிமிர்த்தி வைத்தாள். வந்திருப்பது யார் என்று அவளுக்குத் தெரியும், யார் இல்லை என்றும் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே போனாள்.

"என்னங்க?" என்றாள், இருவரில் யார் பதில் சொன்னாலும் சரி என்று.